வேன்காரரின் அறுநூறு குதிரை

கடைசி வளைவில் காரின் பின்பக்கம் வெளியே விலகியது.

தண்ணீர் விட்டு வழுக்கலாக்கி வைத்திருந்த பயிற்சித் தடம். விலகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தேர்வே அதற்குத்தான்.

பக்கத்து இருக்கையில் என் கை தானாக முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

அவர் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுக்கவும் இல்லை. கொஞ்சமாகத் தளர்த்தினார். கார் இழுத்த பக்கம் பார்க்காமல், தான் போக வேண்டிய பக்கம் பார்த்தார். கண் போன பக்கம் கை போனது. கார் வந்து சேர்ந்துகொண்டது.

"இப்ப மிதிக்கலாமா டீச்சர்?"

"சக்கரம் நேராயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்புறம் என்னண்ணே, மிதிங்க."

நேர்ப்பாதையில் இன்ஜினின் அறுநூறு குதிரைசக்தியும் ஒன்றாகக் கிளம்பின. எங்கள் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது.

ஐந்து வாரத்துக்கு முன் இதே மனிதர் இந்தக் காரை மூன்று சுற்று சுழலவிட்டு, புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார். பத்தொன்பது வருடம் சிறை வேன் ஓட்டியவர். அந்த வேன் ஆக்சிலரேட்டரை உதைத்தால்தான் நகருமாம். பழக்கதோஷத்தில் இதையும் உதைத்துவிட்டார்.

கார் நின்ற பிறகு பின்னால் திரும்பிப் பார்த்து, "நல்லவேளை டீச்சர், பின்னாடி கைதிங்க யாரும் இல்ல" என்றார்.

என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். டீச்சர் என்று கூப்பிடாதீர்கள் என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். நான் அண்ணே என்பேன். பயிற்சித் தடத்தில் மற்றவர்களுக்கு அவர் வேன்காரர்.

கார் காவல்துறையுடையது. ஒரு கடத்தல்காரனிடமிருந்து பறிமுதல் செய்தது. மற்ற கார்களில் இன்ஜின் இருக்கும் இடத்தில் இதில் சாமான் வைக்கும் இடம். அங்கே இப்போது ஒரு குளிர்பெட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள். மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரின் இதயமோ கல்லீரலோ அதில் வரும். வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் காத்திருப்பவரிடம் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மழையாலும் பனிமூட்டத்தாலும் ஹெலிகாப்டர் எழும்ப முடியாத நாட்களில் இந்தக் கார்தான்.

அதனால் வேகத்தைக் கடைசியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். முதல் வாரம் முழுக்க பிரேக். வளைவுக்கு முன்னாலேயே, கார் நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு யோசித்தால், யோசித்துக்கொண்டே புல்லுக்குப் போகலாம். டயர் சூடாகும்வரை எந்த வீரமும் கூடாது.

எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். மறுநாள் காலை வந்து ஒப்பிப்பார்.

இந்தக் காரில் ஏறும் எவரும் முதல் நாளே கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" அவர் ஐந்து வாரத்தில் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை. "எவ்வளவு நேரத்துல போய்ச் சேரும்?" என்று மட்டும் கேட்டார், அதையும் பலமுறை.

மதியம் ஒரு மணிக்கு அவர் மனைவி போன் செய்வார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி என்னோடும் பேசுவார். பார்த்ததே இல்லை, ஆனாலும் எனக்கு அண்ணி.

"சைக்கிள்ல கடைக்குப் போறதுக்கே ஹெல்மெட் தேடுற மனுஷன் டீச்சர் இவரு. நல்லா திட்டி ஓட்ட வைங்க. எனக்காகப் பாக்காதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். பாதி எனக்கு. அதில் உப்பே இருக்காது. "வீட்ல எல்லாருக்கும் பழகிடுச்சு டீச்சர்" என்பார். அவருக்கு ரத்த அழுத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நானும் மென்று விழுங்குவேன்.

தேர்வு முடிந்து காரை நிறுத்தினோம். நான் படிவத்தை எடுத்தேன். கையெழுத்துப் போட வேண்டியது கடைசிப் பக்கத்தில். அன்றுவரை அதைப் புரட்டியதில்லை. அவர் நிரப்ப வேண்டியதை முதல் நாளே நிரப்பிக் கொடுத்திருந்தார்.

உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஓட்டுநரின் குடும்பத்தினர் எவரேனும் உள்ளனரா?

ஆம். மனைவி.

அதன் கீழே ஒரு விதி. அப்படியானால், அவருக்குரிய உறுப்பு வரும் நாளில் இந்த ஓட்டுநர் வண்டியை எடுக்கக் கூடாது. மாற்று ஓட்டுநரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத இடம் விட்டிருந்தார்கள். காலியாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நியாயமான விதிதான் டீச்சர்" என்றார், என் பக்கம் திரும்பாமல். "அன்னைக்கு என் கண்ணு ரோட்டுல இருக்காது."

"அப்ப வேற யாரு ஓட்டுவாங்கண்ணே?"

"யாரையாவது கேக்கணும். யார்கிட்ட கேக்குறதுன்னுதான் தெரியல."

தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு, காலி இடத்தில் என் பெயரையும் எண்ணையும் எழுதி, படிவத்தை அவர் மடியில் வைத்தேன்.

படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார். துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

நன்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"ராத்திரில போனை சைலன்ட்ல போட்டுடுவீங்களா டீச்சர்?"

போடுவேன். பையிலிருந்து போனை எடுத்து, அவர் பார்க்கும்படி வைத்துக்கொண்டு சைலன்ட்டை எடுத்துவிட்டேன்.