பச்சைக் குவளை

"ரெண்டையுமா உள்ள வைக்கிறீங்க, அண்ணி? ஒண்ணு உங்களுக்கு இருக்கட்டுமே."

"வேண்டாம் தம்பி. உங்க அண்ணன் தனியா குடிச்சதே இல்ல."

கணவர் குத்ரெட்டை அடக்கம் செய்த அன்று, எப்பா தன் கொழுந்தன் சிகிபெர்ட்டிடம் சொன்ன பதில் அது. பச்சைக் கண்ணாடிக் குவளைகள் இரண்டையும் அவளே தலைமாட்டில் வைத்தாள். மேலே மண்மேடு எழுந்தது. மூன்று கோடைகளில் புல் மூடிவிட்டது.

படகு கட்டும் ஓஸ்வினை மணக்க எப்பா விரும்பினாள். அதற்குக் குடும்பத் தலைவன் சிகிபெர்ட்டின் சம்மதம் வேண்டும். ஒரு வருடமாகக் கேட்க வாய் வரவில்லை.

இன்று நண்பகல் விருந்து. வழக்கப்படி எப்பாதான் குடத்தோடு வந்து எல்லோருக்கும் மது ஊற்றினாள். ஓஸ்வினின் மரக்குவளையைத் தலை நிமிராமல் நிரப்பினாள். அடுத்து நீண்டது பச்சைக் கண்ணாடிக் குவளை. அதையும் நிரப்பிய பிறகுதான் பார்த்தாள். விளிம்பில் ஈர மண். பிடித்திருந்தவன் சிகிபெர்ட்.

"இது ஏது தம்பி?"

"நல்லா இருக்கே. இப்பதானே நீங்க கொண்டுவந்து குடுத்தீங்க? 'குடிச்சு முடிங்க, ஒண்ணு கேக்கணும்'னீங்க."

திறந்த கதவுக்கு வெளியே மண்மேடு தெரிந்தது. ஒரு புல்கூடக் கலையவில்லை.

கூர்மையான அடி கொண்ட அந்தக் குவளை கீழே வைத்தால் நிற்காது. சிகிபெர்ட் முழுவதும் குடித்து, கவிழ்த்து வைத்தான்.

"கேளுங்க அண்ணி."

குடத்தைப் பிடித்திருந்த தன் விரல்களை எப்பா பார்த்தாள். பத்து நகங்களிலும் ஈர மண்.

"ஓஸ்வினைக் கட்டிக்கிறேன், தம்பி. சம்மதம் குடுங்க."