அறுபட்ட கம்பி

“கம்ப்யூட்டர் புரோகிராமை அனுப்புது, மிஷின் வாங்க மாட்டேங்குது. மாமியா மருமக மாதிரி ரெண்டுக்கும் பேச்சே இல்லைப்பா!” என்றார் பட்டறை முதலாளி காசிநாதன்.

தென்னேரி வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சொல்படி இரும்பு கடையும் இந்தப் பழைய சிஎன்சி லேத்தின் குணம் தெரிந்த மெக்கானிக் டேனியல் ஒருவன்தான். கம்ப்யூட்டர் அனுப்பும் வேகமும் லேத் வாங்கும் வேகமும் ஒத்துத்தான் இருந்தன. இரண்டையும் இணைக்கும் கேபிளின் முனையைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒரு கம்பி பிளேடால் அறுக்கப்பட்டிருந்தது.

“எலி இல்லை சார். யாரோ வேணும்னே அறுத்திருக்காங்க.”

“ராமலிங்கம்தான்! இந்த மிஷினை ஓட்டிக்கினு இருந்தவன். வேலையை வுட்டு நிறுத்துனேன், வயித்தெரிச்சல். நேத்துகூட இங்க சுத்திக்கினு இருந்தான்.”

டேனியல் கம்பியைச் சாலிடர் வைத்து இணைத்தான். புரோகிராம் மளமளவென்று ஏறியது. முதலாளி பட்டனை அழுத்த, லேத் சீறிக்கொண்டு சுழன்றது, முன்கதவு திறந்தபடியே.

டேனியல் சட்டென்று பின்வாங்கினான். “சார், கதவு தொறந்திருந்தா ஓடக் கூடாதே!”

“கதவைத் தொறந்து மூடி இரும்பு பீஸ் மாட்ட நேரமாவுதுன்னு, தொறந்தா நிறுத்தற சுவிட்சை எப்பவோ ஷார்ட் பண்ணியாச்சுப்பா” என்று லேத்தை நிறுத்தினார். “பொன்னி, வந்து நில்லும்மா.”

முந்தானையைச் செருகிக்கொண்டு வந்த பெண் டேனியலிடம் குரலைத் தாழ்த்தினாள்.

“ஏன் சார் சரி பண்ணீங்க? ராமலிங்கம் என் வூட்டுக்காரரு. அவரு வலது கையைத் தின்னது இந்த மிஷின்தான். அவருக்குப் பதிலா எனக்கு வேலை போட்டுக் குடுத்தாரு மொதலாளி. நானும் கையைப் பறிகுடுத்துடக் கூடாதுன்னு, மிச்சமிருக்கற கையால கம்பியை அறுத்துட்டுப் போனாரு.”

“பொன்னி! பீஸை மாட்டு!”

அவள் திறந்த கதவுக்குள் கையை நீட்டினாள்.