மேசை நடுவில் ஒரு வெள்ளை வட்டம்

பால் பாத்திரத்தின் அடி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய வெள்ளை வட்டம். சாப்பாட்டு மேசையின் நட்டநடுவில் 'என்னைப் பார்' என்று உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து தேய்த்துத் தேய்த்து அவளுக்குத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

நாலு மணிக்கு அப்பா வருகிறார். அவர் தச்சர். இந்த மேசையைத் தன் கையால் இழைத்து, பாலிஷ் போட்டு அனுப்பியவர்.

"அடுப்புல இருந்து இறக்கின பாத்திரத்தை யாராவது அப்படியே மரத்து மேல வைப்பாங்களா?" என்று கணவன் மேல் எரிந்து விழுந்தாள். அன்றைக்கு இதே கேள்வி ஏழாவது முறை.

"தெரியாம வெச்சுட்டேன், விடேன். ஒரு துணியை விரிச்சு மூடிடலாமே?"

"எங்கப்பா வந்ததும் முதல்ல துணியைத்தான் தூக்குவாரு. பட்டறையில ஒரு ஆளு ஈர டம்ளரை மேசை மேல வெச்சதுக்கு ஊரையே ரெண்டாக்கினவரு."

"அது விக்கிற சாமான். பொண்ணு கேட்டு உங்க வீட்டுக்கு வந்தேனே, அங்க சாப்பிடுற மேசையில எட்டு வட்டம் எண்ணினேன். உங்கப்பா வாயைத் திறக்கிற வரைக்கும் எனக்கு வேற என்ன வேலை?"

"அது பழசுங்க. பேசாம அந்த டூத்பேஸ்ட்டை எடுங்க."

அன்றைக்கு அப்பா வாயைத் திறந்து 'முடியாது' என்றார். கல்யாணத்துக்கும் வரவில்லை. ஒன்றரை வருஷம் பேச்சில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த மேசை மட்டும் ஒரு வண்டியில் வந்து இறங்கியது, கூட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல். நன்றி சொல்ல அவள் போட்ட போனையும் அவர் எடுக்கவில்லை.

நேற்றுதான் அவரே கூப்பிட்டார். "நாளைக்கு நாலு மணிக்கு வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். வருகிற மனுஷன் இந்த வட்டத்தைப் பார்த்து மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டால், இந்த ஜென்மத்தில் உறவு ஒட்டாது என்று அவளுக்குப் பயம்.

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தாள். பல் விளக்கிய மாதிரி வட்டம் இன்னும் வெளுத்தது. எண்ணெய் தடவினாள். மேசை பளபளத்தது, வட்டமும் சேர்ந்து பளபளத்தது. தலை உலர்த்தும் டிரையரைக் காட்டினால், அது பாதியில் சூடேறி நின்றுபோனது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சனியனே, போய்த் தொலையேன்!" என்று வட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். தன்னைத்தான் சொல்கிறாளோ என்று கணவன் எழுந்தே போய்விட்டான்.

கடைசியாக, பருத்தித் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து வைத்து எடுத்தாள். பாலிஷுக்குள் புகுந்திருந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது. பத்தாவது தடவை துணியைத் தூக்கினால், வட்டத்தைக் காணோம்!

அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியக் கூடாதே என்று மேசை முழுக்க மெழுகு பாலிஷ் போட்டாள். சின்னச் சின்னக் கீறல், கரண்டித் தடம் எல்லாம் அதில் மறைந்துபோயின. மணி மூன்று ஐம்பது.

அப்பா துணிமணிப் பையோடு வந்தார். தங்கத்தான் வந்திருக்கிறார் என்று அவள் மனசு துள்ளியது. "வாங்க மாமா" என்ற மருமகனுக்கு ஒரு தலையாட்டல் கிடைத்தது. பையைக் கீழே வைத்துவிட்டு நேரே மேசையிடம் போனார்.

குனிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை உள்ளங்கையால் தடவினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அனுப்பினப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு" என்றார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பொத்திப் பொத்தி வெச்சிருக்கேம்ப்பா!" என்றாள் பெருமையாக.

அப்பா கீழே வைத்த பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒரு நாள்கூட இதுல சாப்பிடலையா, பாப்பா?"