பட்டு நாடா கட்டிய பன்றி மூக்கு

"பாருங்கண்ணே, அந்த ஏஜெண்டு அவன் பன்னி மூஞ்சிய அவன் கையாலயே ஊருக்குக் குடுப்பான். பட்டு நாடா கட்டிக் குடுப்பான்."

போலீஸ்காரன் படியிறங்கிப் போனதும் அவள் சொன்னாள்.

கல்லில் படம் வரைந்து தாளில் அச்சடிக்கும் அந்தக் கல்லச்சுக்கூடத்தில் எழுந்த சிரிப்பில் புதுச்சேரிக் காக்கைகள் காரைக்கால் வரைக்கும் பறந்து போயின.

அதிகம் சிரித்தவன் ஞானாதிக்கம். அச்சு எந்திரத்தின் சக்கரம் சுற்றுகிறவன்.

"தேய்ச்ச கல்லு பேசுமா புள்ள? எழுந்து வேலையப் பாரு."

அவள் எழவில்லை. ஈரக் கல்லின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலை வரை அந்தக் கல்லில் ஒரு படம் இருந்தது.

அச்சுக்கூடத்து முதலாளி முசே வரைந்தது. வெள்ளைக்காரர்தான், ஆனால் வெள்ளைக்காரர்களை வரைந்து வரைந்தே அவர்கள் விருந்துகளில் நாற்காலி இழந்தவர்.

படத்தில், கப்பலுக்குக் கூலியாள் பிடிக்கும் ஏஜெண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் துண்டு. முகத்தில் பன்றி மூக்கு. சாதாரண மூக்கா அது? ஒவ்வொரு துளையிலும் ஒரு பாய்மரக் கப்பல் பாயைச் சுருட்டாமலே நுழையும்.

கையில் முள்கரண்டி.

கரண்டியின் நுனியில் ஒரு மனிதன்.

இடது புருவத்தில் வெட்டு. முன்பல்லில் சந்து.

தாண்டவன். அவளுடைய அண்ணன்.

கடற்கரையில் மூட்டை தூக்கப் போனவன். கள்ளை ஊற்றிக் கொடுத்தார்கள். கிடங்கில் பூட்டினார்கள். விடிந்தபோது கப்பலில் இருந்தான். கடலுக்கு அப்பால் பிரெஞ்சுக்காரரின் புர்போன் தீவில் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமாம்.

அவள் ஏஜெண்டு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அப்படி ஓர் ஆளே இல்லை என்றான்.

மறுபடி நின்றாள். நாயை அவிழ்த்துவிட்டான்.

தெருவும் அதையே சொன்னது. ஞானாதிக்கமும் சொன்னான். எங்காவது ஓடிப்போயிருப்பான், வருவான், அழாதே.

ஏஜெண்டு ஊரைத் தின்றான். ஏப்பத்தை மட்டும் பிரெஞ்சில் விட்டான். அந்த ஏப்பத்துக்கு ஊரே தலையாட்டியது.

முசே மட்டும் ஒன்று கேட்டார். உன் அண்ணன் எப்படி இருப்பான்?

அவள் சொல்லச் சொல்ல வரைந்தார். தாண்டவனுக்கு உலகத்தில் இருந்த ஒரே படம் அது.

அதை அழிக்கச் சொல்லித்தான் போலீஸ்காரன் வந்தான். அச்சான தாள்களை அடுப்பில் போட்டான். கல்லைத் தேய்க்கிறவள் யார் என்று கேட்டான்.

அவள்தான்.

மணலும் தண்ணீரும் போட்டு அவள் கோபத்தில் தேய்த்தால் செஞ்சிமலையே மாவாகும். அன்று பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள்.

கோடுகள் மறைந்தன. கல் வெளுத்தது. போலீஸ்காரன் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

கல்லில் வரைகிற மைக்கட்டியில் கொழுப்பு உண்டு. அது கல்லின் வயிற்றுக்குள் இறங்கிவிடும். ஆழமாகத் தேய்க்காவிட்டால் அங்கேயே கிடக்கும். மைக்காகப் பசித்துக் கிடக்கும்.

ஏஜெண்டுக்கு இது தெரியாது. ஜெயித்த மிதப்பில் அவனே அச்சுக்கூடத்துக்கு வந்தான். ஜூலைப் பதினாலு விருந்துக்குத் தன் படம் வேண்டும் என்றான்.

பன்றி வரைந்த அதே கையால். அதே கல்லில்.

முசே கல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

முகத்தை அதே இடத்தில் வரைந்தார்.

மார்பு நிறையப் பதக்கங்கள். போதாமல் தோளிலும் இரண்டு. முதல் தாளைப் பார்த்த ஏஜெண்டு தன் கன்னத்தைத் தானே முத்தமிட்டான். பதக்கத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சக்கரம் சுற்றியது. தாள் தாளாக வந்தது.

பிறகு, மூக்கு கொஞ்சம் தடித்தது.

அடுத்த தாளில் துளை விழுந்தது. பதக்கங்களுக்குக் கீழே ஒரு கரண்டி முளைத்தது. அதன் நுனியில் வெட்டுப்பட்ட ஒரு புருவம்.

ஞானாதிக்கம் சக்கரத்தை நிறுத்தினான்.

அவள் அடுத்த தாளை எடுத்து வைத்தாள்.

"எனக்குக் கண்ணு மங்குது புள்ள. ஒண்ணும் தெரியல."

சக்கரம் மறுபடி சுற்றியது.

தாள்களைச் சுருட்டியவள் அவள். நீலம், வெள்ளை, சிவப்பில் பட்டு நாடா கட்டியவள் அவள்.

விருந்தில் ஏஜெண்டு ஒவ்வொருவருக்கும் குனிந்து குனிந்து கொடுத்தான். சுருள்களைச் சுமந்து வந்த ஞானாதிக்கத்துக்கும், போனால் போகிறது என்று ஒன்று.

கோப்பைகளை உயர்த்திவிட்டு எல்லோரும் ஒன்றாக அவிழ்த்தார்கள்.

சிரித்த சிரிப்பில் நீதிபதி துரையின் பொய்முடி சூப்பில் விழுந்தது. வாத்தியக்காரன் சிரித்துக்கொண்டே ஊதிய ஊதலில் வளைந்த பித்தளைக் குழல் நிமிர்ந்துவிட்டது.

பிறகு ஒரு சீமாட்டி கரண்டியின் நுனியைக் கவனித்தாள்.

இது யார் என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை ஏஜெண்டு போலீசோடு வந்தான். முசேயின் கையில் விலங்கு. கல் நடுக்கூடத்தில் கிடந்தது.

கரண்டி நுனியில் மை ஈஷியிருக்கிறது, வேறொன்றும் இல்லை, அப்படித்தானே? ஏஜெண்டு பிரெஞ்சில் கேட்டான். துபாஷி அதைத் தமிழில் சொன்னான். மை என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்பதையும் சொன்னான்.

ஞானாதிக்கத்தைத்தான் கேட்டார்கள். கண் மங்கியவன் என்று ஊருக்கே தெரியும். அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவள் கைப்பிடிக்குள் மணல் நெரிந்தது.

ஞானாதிக்கம் இடுப்பிலிருந்து விருந்தில் கிடைத்த சுருளை எடுத்தான். நாடாவை அவிழ்த்தான். கரண்டியின் நுனியில் விரலை வைத்தான். விரல் இடம் தப்பவில்லை.

"மை இல்லீங்க தொர. எங்க தெரு தாண்டவன். நீங்கதான் கப்பல்ல ஏத்துனீங்க. நேத்து நீங்கதான், உங்க கையாலயே குடுத்தீங்க."