அறுபத்திரண்டு போல்ட்டும் ஒரு பெயரும்

"இதில என்ட பேர் எங்க, புள்ள?"

குலேந்திரன் மாமா காகிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

கனடாவில், லாசாலில் ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகை. 1911ஆம் ஆண்டு வரைபடங்களை வைத்து ஒரு நீராவி ரயில் எஞ்சினைப் புதிதாகக் கட்டுகிறது எங்கள் சங்கம். அந்த வகையில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. 2007 கோடையில் இது ஓடவேண்டும்.

மாமா கிழமை நாட்களில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குவார். சனிக்கிழமைகளில் இங்கே சம்பளமில்லாமல் இரும்பு வேலை. நாலு வருடமாக. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவருக்குப் பிரெஞ்சு வராது. சங்கத்தின் கடிதங்களை எழுதும் நான்தான் அவருக்கு வாய்.

"இதுதான் மாமா உங்கட பேர்" என்று காட்டினேன். 'கே. அருமைராசா.'

"அது என்ட அப்பாட பேர்! நான் அந்தக் 'கே'யோ? நாலு வருசம் உழைச்சதுக்கு ஒத்தை எழுத்தோ?"

பழைய எஞ்சினுக்குள், கரி அள்ளிப் போடுகிறவர் நிற்கும் பக்கம், ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதில் கட்டியவர்களின் பெயர்கள். சொந்தப் பெயருக்கு ஒரு எழுத்து, பிறகு குடும்பப் பெயர் முழுதாக. புகைப்படம் இருக்கிறது. நம்மில் பலரைப் போல, கனடாக் காகிதங்களில் மாமாவுக்கும் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர். புதுத் தகட்டைத் திங்கட்கிழமை வெட்டி அதே பக்கம் பொருத்தப்போகிறார்கள்; அதன் மாதிரிதான் மாமா நீட்டிய காகிதம்.

சத்தம் கேட்டு மெசியே தெரியோ வந்தார். சங்கத் தலைவர். எழுபது வயது. சரித்திரத்தில் ஒரு எழுத்தும் பிழைபடக்கூடாது என்பவர்.

"அறுபத்திரண்டு போல்ட்டுக்கும் சதுரத் தலைதான் வேணுமெண்டான். கழட்டி மாத்தினன். வாய் திறந்தனா? ஆனா எஞ்சினுக்குள்ள சீட்டுக்குக் கீழ றேடியோ ஒளிச்சு வைச்சிருக்கான். 1911இல றேடியோ இருந்ததோ? அதுக்கு இடமிருக்கு, குலேந்திரனுக்கு இல்லையோ? கேள் புள்ள, இந்தக் கிழட்டு நரியிட்ட!"

நரியை விட்டுவிட்டு, மாமா சொன்ன மிச்சத்தைப் பிரெஞ்சில் சொன்னேன்.

"றேடியோ சட்டம்" என்றார் தெரியோ. "அது இல்லாமல் தண்டவாளத்தில் ஏறவே விடமாட்டார்கள். தகட்டுக்குச் சட்டம் இல்லை. படம் இருக்கிறது. படத்தில் எப்படியோ, அப்படித்தான்."

கௌசலா மாமி மத்தியானச் சாப்பாட்டோடு உள்ளே வந்தார்.

"என்ன இது, கார் நிப்பாட்டுற இடம் வரைக்கும் உங்கட சத்தம்?"

விஷயத்தைக் கேட்டதும் மாமியின் சத்தம் மாமாவினதை விடக் கூடிவிட்டது.

"ஸ்டேசன் மாஸ்டர்ர மகனுக்கு இதோ மரியாதை? அந்த ஒரு சொல்லுக்காகத்தானே எங்கட அப்பா என்னை இவருக்குக் கட்டித் தந்தவர்! அதையும் சொல்லு புள்ள, அவருக்கு!"

"அதெல்லாம் வேணாம், விடு" என்றார் மாமா.

எனக்கு நாலு பேர் முன்னால் சத்தமே வராது. அன்றைக்கு வந்தது. இவருடைய அப்பாவும் ரயில்வேக்காரர், ஸ்டேசன் மாஸ்டர். அப்படிப்பட்டவரின் மகனை ஒரு எழுத்தாகச் சுருக்குவது அநியாயம் என்று, என் சொந்தச் சொற்களையும் சேர்த்துச் சொன்னேன்.

தெரியோவின் முகம் மாறியது. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"நாலு வருடமாக ஒருவரும் சொல்லவில்லையே! தகட்டை மாற்றமாட்டேன். ஆனால் திறப்புவிழாப் புத்தகத்தின் முதற்பக்கத்தில், 'குலேந்திரன், ஸ்டேசன் மாஸ்டர் அருமைராசாவின் மகன்' என்று முழுதாகப் போடுகிறேன். எந்த ஸ்டேசன்? எந்த வருடம் தொடங்கி? கேட்டுச் சொல். பிழையாக எழுதக்கூடாது."

"பாத்தீங்களா!" மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "சொல்லுங்க, சொல்லுங்க."

மாமா தன் கையால் செய்த அடுப்புக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புள்ள, ஸ்டேசன் மாஸ்டர் எண்டதை வெட்டச் சொல்லு."

"ஏன் மாமா?"

"அப்பா கோச்சி எஞ்சினில கரி அள்ளிப் போட்டவர். முப்பது வருசம்." மாமியின் பக்கம் அவர் திரும்பவில்லை. "கலியாணம் பேசேக்க வாயில வந்திட்டுது. பிறகு திருத்த ஏலாமப் போச்சு."

மாமியின் கையில் சாப்பாட்டுப் பெட்டி அப்படியே நின்றது.

"என்ன சொல்கிறார்?" தெரியோ பென்சிலோடு காத்திருந்தார்.

மாமா காகிதத்தைத் தொடையில் வைத்துக் கசங்கலை நீவி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பேர் சரியெண்டு சொல்லு, புள்ள. தகடு வைக்கிற பக்கமும் சரியாம் எண்டு சொல்லு."