ஒரு மணி நேரத் தூக்கம்

“அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்தேன் தம்பி. உங்களுக்கெல்லாம் காது இருக்கா, இல்லையா?”

பிளாஸ்டிக் தடுப்புக்கு வெளியே நின்று கேட்டவர் ஓரிசியா அம்மா. வின்னிபெக் ஆஸ்பத்திரியில் எதிர் அறைதான் அவர் கணவர் வால்ட்டருக்கு. எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தார்கள்; உடம்பில் எதிர்ப்புச் சக்தி இன்னும் திரும்பவில்லை. பத்து நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர்.

தடுப்புக்குள் நான் பழைய கூரைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அது சத்தமில்லாத வேலை. காற்றை உறிஞ்சும் மெஷின்தான் இரைச்சல்.

“மேஸ்திரி பார்த்தா என் தோலை உரிச்சிடுவான்மா.”

“அவன் சாப்பிடப் போனப்புறம் நிறுத்து. படுத்திருக்கிறது உன் அப்பான்னா செய்ய மாட்டியா?”

தினமும் மதியம் ஒரு மணி நேரம் நிறுத்தினேன். தூங்கி எழுந்ததும் வால்ட்டர் கண்ணாடிக் கதவு வழியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். எனக்கும் முதுகு வலி மறந்துபோகும்.

மூன்றாவது வாரம் அந்த அம்மா கசகசா ரொட்டியோடு தனியாக வந்தார்.

“போயிட்டாருப்பா. நுரையீரல்ல பூஞ்சையாம். எங்கேருந்து வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியல. கடைசியா அவர் நிம்மதியாத் தூங்கினது நீ குடுத்த அந்த ஒரு மணி நேரந்தான். மாட்டேன்னு சொல்லாம வாங்கிக்கோ.”

வாங்கிக்கொண்டேன்.

தடுப்பின் வாசலில் ஒரு ரிப்பன் கட்டியிருக்கும். மெஷின் ஓடினால் காற்று உள்ளே இழுபடும், தூசி வெளியே போகாது, ரிப்பன் என் பக்கம் சாயும். நான் கழற்றிய பலகைகளின் மேல்புறமெல்லாம் கறுப்புப் பூஞ்சை.

அந்த ஒரு மணி நேரமும் ரிப்பன் வால்ட்டரின் அறைப் பக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பலகைகளைக் கழற்றினேன்.