மாதம் ஒரு பாட்டில்

“வந்துட்டீகளா சார்? ஆபீஸ்ல சம்பளம் குடுக்காக, நீங்க பாட்டிலத் தூக்கிட்டு வர்றீக. இந்தத் தண்ணியக் குடிக்கிறது நாங்கள்ல.”

வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டே சொன்னாள் நாகஜோதி. ஞானதுரை செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றில் வாளியை இறக்கினார்.

அவள் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம், கோம்பை போகும் சாலையோரம், ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் குளம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு அதை வெட்டியபோது நாகஜோதி கரையில் நின்று சத்தம் போட்டாள்.

“நாளைக்கு என் கெணத்துல நாத்தம் அடிச்சா யாருய்யா வந்து பாப்பீக?”

இயந்திர இரைச்சலில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் குளத்தில் கழிவுநீர் விட்ட மாதத்திலிருந்து இவர் வருகிறார். ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப்போய்த் தேனியில் சோதிக்கக் கொடுத்து, முடிவை அடுத்த மாதம் கொண்டுவந்து தருவார்.

“போன மாசத் தண்ணி சுத்தமா இருக்கு தாயி” என்று காகிதத்தை நீட்டினார்.

“கொளத்துக்கு அடியில மண்ணப் போட்டுட்டா சாக்கடை எறங்காதாக்கும்?”

“வெறும் மண்ணு இல்ல, களிமண்ணு. ஈரம் கூடுனாலும் ஆகாது, கொறஞ்சாலும் ஆகாது. அளவா நனைச்சு, அரையடி அரையடியாப் போட்டு அழுத்தியிருக்கு. மொத்தம் நாலு அடுக்கு.”

“நீங்க சொல்லுவீக. காகிதத்துல என்னத்தையும் எழுதலாம்.”

ஞானதுரை வாளியைச் சாய்த்து, கையில் ஏந்தி, வயிறு நிறையக் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, நிரப்பிய பாட்டிலோடு கிளம்பிவிட்டார்.

அன்று முழுக்க நாகஜோதிக்கு மனசு உறுத்தியது. இத்தனை நாள் வந்துபோகிற மனிதருக்கு ஒரு வாய் காப்பி கொடுத்ததில்லை.

அடுத்த வாரம் குளத்தைப் பார்வையிட இன்ஜினியர் உமாதேவி ஜீப்பில் வந்து இறங்கினாள். நாகஜோதி வேலியோரம் போய் நின்றாள்.

“மேடம், மாசாமாசம் எங்க கெணத்தப் பாக்க ஞானதுரை சார அனுப்புறீகள்ல, ரொம்ப நல்ல மனுசரு. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன். அவுகளுக்கு ஆபீஸ்ல ஏதாச்சும் நல்லது பண்ணுங்க.”

உமாதேவி விழித்தாள். “நாங்க யாரையும் அனுப்பலையேக்கா. குளத்துக் கரையில நாலு குழாய் இறக்கியிருக்கோம், அதுல ஊறுற தண்ணியச் சோதிக்கிறதோட எங்க வேலை முடிஞ்சது.”

“அப்ப இங்கன வர்றவுக யாரு?”

உமாதேவி குளத்தின் பக்கம் திரும்பினாள்.

“இந்தக் களிமண்ண அடுக்கடுக்காச் சோதிச்சது நான்தான். மூணாவது அடுக்குல ஒரு மூலையில இறுக்கம் பத்தல. அந்த மூலைய மட்டும் திரும்பப் போட்டாப் போதும்னு சொன்னேன். ஆனா ஒருத்தர் மட்டும் அதக் கேக்கல. பக்கத்துல ஒரு அம்மா கிணறு இருக்குன்னு சொல்லி, முழு அடுக்கையும் கிளறி நனைச்சு, ரெண்டு நாள் சாப்பாட்டு நேரம்கூடப் பாக்காம மறுபடி அழுத்துனாரு.”

“இன்ஜினியரா மேடம்?”

“இல்லக்கா. ரோலர் ஓட்டுன டிரைவர். அவர் பேருதான் ஞானதுரை.”